ரெண்டு ஓ போட்டா ஊ வராது

எங்க கிளாஸ்ல ஒரு பையன், குடும்பப் பேரு முத்துசாமி. ஆனா மொரீஷியஸ்ல அதை எழுதுறது எப்படின்னா எம் போட்டு ரெண்டு ஓ, டி போட்டு இன்னும் ரெண்டு ஓ, அப்புறம் சாமிக்கு எஸ், ஏ, எம், வொய். லேப்டாப்ல அஞ்சல் கீபோர்டை, அதான் ஏபிசிடியில ஒலியை அடிச்சா தமிழ் எழுத்தா மாத்துற அமைப்பு, போட்டுக் குடுத்து உன் பேரை அடிப்பான்னு சொன்னேன், அவனும் நோட்டு அட்டையில எப்படி இருக்கோ அப்படியே அடிச்சான், ஸ்கிரீன்ல "மோடோசம்ய்"னு வந்து நிக்குது, அஞ்சலுக்கு ரெண்டு ஓ போட்டா ஓதான், ஊ இல்ல. பக்கத்துல ஆறுமுகம் வீட்டுப் பொண்ணு, அவளுக்கு "அர்மோகும்". கிளாஸே சிரிப்பு. "மிஸ், மோ நோம் இன் சான்ஸே!"ன்னு ஒருத்தன் கத்துறான், என் பேரு மாறிப்போச்சுங்கிறான்.

நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். ஆனா மாறுனது இன்னிக்கா? 1834லேருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்துல கப்பல் கப்பலா ஆள் வந்து இறங்கினாங்களே, அப்போ கிளார்க் காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி ரெஜிஸ்டர்ல ஏறின பேருங்கதான் இதுல பல. ஆளுங்களைப் பதிவு பண்ணின அந்த இடம்தான் போர்ட் லூயிஸ் துறைமுகத்துல இருக்கிற ஆப்ரவாசி காட், 2006ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேர்ந்தப்புறம் நாங்களும் வருஷா வருஷம் பிள்ளைங்களை பஸ்ல ஏத்திக் கூட்டிட்டுப் போய் படிக்கட்டுல நிக்கவச்சு போட்டோ எடுக்கிறோம். உன் பேருல உ எங்கே போச்சுன்னு மட்டும் யாரும் கேட்டதில்ல, நானும் கேட்டதில்ல.

நான் பிரைமரியில தமிழ் சொல்லிக்குடுக்கிறவ. (நான் எழுதுற பேச்சுத் தமிழைப் பாத்துட்டு தமிழ்நாடான்னு கேக்காதீங்க, நாலு தலைமுறையா இந்தத் தீவுதான், இது தஞ்சாவூர் ஹாஸ்டல் பிள்ளைங்க குடுத்த வரம்.) பிள்ளைங்களுக்கு வீட்டுல கிரேயோல் (பிரெஞ்சுலேருந்து வந்த இந்தத் தீவுப் பேச்சு), புத்தகத்துல இங்கிலீஷ், டிவியில பிரெஞ்சு. தமிழ் பீரியட் வந்தா கிளாஸ் பிரியும், இந்தி எடுத்தவங்க ஒரு ரூம், உருது ஒரு ரூம், 2012லேருந்து கிரேயோலும் பாடமா வந்தாச்சு அவங்க ஒரு ரூம், எங்க கூட்டம் பத்துப் பன்னெண்டு பேரு லைப்ரரி மூலையில.

ஸ்கூலுக்கு டெக்னாலஜி வரலைன்னு நான் சொல்லமாட்டேன், வந்துச்சு. பெரிய டச் போர்டு ஒண்ணு சுவத்துல மாட்டினாங்க, ட்ரெயினிங்கும் குடுத்தாங்க, ரெண்டு ராத்திரி உக்காந்து பாடம் தயார் பண்ணிட்டுப் போய் திறந்தா வரி முழுக்க கட்டம் கட்டமா இருக்கு, தமிழ் எழுத்துரு அதுல போடவே இல்ல. ஆள் வருவாங்கன்னாங்க. ஒரு டெர்ம் போச்சு. கடைசியில ஐடி தெரிஞ்ச என் தங்கச்சி பையன்தான் பென் டிரைவ்ல கொண்டுவந்து போட்டான், அதுக்கு ஒரு லெட்டர், ஒரு கையெழுத்து, ஒரு திட்டு.

2020 மார்ச்ல ஊரடங்கு வந்ததும் எல்லாமே வாட்ஸ்அப் ஆச்சு. பிள்ளைங்க நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவாங்க, பாதி நிழல்ல இருக்கும், அதுக்குப் பதில் டைப் பண்ணி அனுப்புங்கன்னு சொன்னது என் தப்பு, ஒண்ணு விடாம ஏபிசிடி எழுத்துல தமிழ் வந்துச்சு, அதுவும் பிரெஞ்சு உச்சரிப்பு ஸ்பெல்லிங்ல. ஒரு பொண்ணு அனுப்பினதைச் சத்தம் போட்டுப் படிச்சாத்தான் "பாட்டி ஊருக்குப் போனாங்க"ன்னு புரியுது. எழுத்தே தெரியாம தமிழ்ல பாஸ் ஆயிடலாம்போலன்னு அன்னிக்குத்தான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

அதனாலதான் ஸ்கூல் திறந்தப்புறம் டைப்பிங்ல கை வச்சேன், மேல சொன்ன மோடோசம்ய் கூத்து நடந்தது அப்போதான். அஞ்சலைக் குறை சொல்லல, இந்தப் பதிவைக்கூட நான் அதுலதான் அடிக்கிறேன், ஏற்கெனவே தமிழ் தெரிஞ்சவங்களுக்கு அது சுகம். கூகுள் கீபோர்டு இன்னும் மோசம், எப்படி அடிச்சாலும் அதுவே ஊகிச்சு சரியா போட்டுடும், பிள்ளைக்கு ஒண்ணும் தெரியவேண்டாம். மொழி கத்துக்கிற பிள்ளைக்கு ரோமன் எழுத்து நடுவுல தரகர் மாதிரி நிக்குது.

அதனால தமிழ்99க்கு மாத்தினேன். 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த கீபோர்டு அமைப்பு, விண்டோஸ்லயே இப்போ இருக்கு. தமிழ்னா 247 எழுத்துன்னாலே எங்க பிள்ளைங்க முகம் சுருங்கிடும், இதுல 31 கீதான், உயிர் 12, மெய்க்கு 18, ஆய்தம் ஒண்ணு, மிச்சத்தை நீயே சேத்துக்கோன்னு சொல்லிட்டேன். விரல் வைக்கிற வரிசையில இடது கைக்கு அ, இ, உ, அதுக்கு நேர் மேல ஆ, ஈ, ஊ. குறில் கீழ, நெடில் மாடியில! ஆறு மாசமா கையத் தட்டித் தட்டி அளவு காட்டி நான் புரியவைக்க முடியாததை ஒரு கீபோர்டு பத்து நிமிஷத்துல புரியவச்சுது, கொஞ்சம் பொறாமையாவே இருந்துச்சு.

அதைவிட, ந தட்டி த தட்டினா ந்த, ம தட்டி ப தட்டினா ம்ப, புள்ளி தானா விழும். நம்ம முத்துசாமி ரெண்டு நாள் இதையே விளையாட்டா தட்டிட்டு இருந்தவன் திடீர்னு வந்து "மிஸ், ந தட்டி ப தட்டினா ஏன் புள்ளி வரல?"ன்னு கேட்டான். இன எழுத்துன்னு நான் இத்தனை வருஷம் கரும்பலகையில எழுதிப் போட்டேன், ஒரு பிள்ளை ஏன்னு கேட்டதில்ல.

ஸ்டிக்கர் கதை தனி. கடையில தமிழ் கீபோர்டு கிடைக்காது, நானே பிரிண்ட் எடுத்து வெட்டி ஒட்டினேன், இங்க ஜனவரி கோடை வேர்வையில ஒரு வாரத்துல உரிஞ்சு வந்துடும், மேல நெயில் பாலிஷ் பூசினா தாங்குதுன்னு ஒரு அம்மா சொல்லிக்குடுத்தாங்க. 1998ல புது ரூபா நோட்டுல இந்திக்குப் பின்னாடி தமிழைத் தள்ளிட்டாங்கன்னு ஊரே கொதிச்சு, பேங்க் அந்த நோட்டையே திரும்ப வாங்கிக்கிச்சு. அப்படிப்பட்ட ஊர்ல கீபோர்டுல தமிழ் இல்லாததுக்கு ஒருத்தரும் வாயத் திறக்கல. நோட்டுல இருக்கிறதைப் பாத்துட்டு மடிச்சு வச்சுடலாம், கீபோர்டு இருந்தா எழுதணுமே, அதுதான் போல.

கையெழுத்து கெட்டுப்போகும்னு சொல்ற சீனியர் டீச்சர்ஸ் இருக்காங்க, பாதி ஒத்துக்கிறேன். பரிட்சை பேப்பர்லதான். டைப்பிங்ல ண, ன சரியா போடுறவன் பேனா எடுத்தா சுழி எண்ண மறந்துடுறான். அதனால முதல்ல கையால எழுதணும், அப்புறம்தான் மிஷின், சண்டை போட்டாலும் வரிசை மாறாது.

இப்போ கிளாஸுக்குன்னு ஒரு பிளாக் வச்சிருக்கோம், ஆளுக்கு அஞ்சு வரி. காவடி முடிஞ்சு வாழையிலையில போடுற செட் காரியை, அதான் ஏழு கறிச் சாப்பாட்டைப் பத்தி ஒருத்தன் எழுதினான், "ஏழு கறி சாப்பிட்டேன், நாலு பிடிச்சுது"ன்னு. திருத்தாம விட்டுட்டேன்.

முதல் பதிவு மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான், உன் குடும்பப் பேரு தமிழ்ல. முத்துசாமிக்கு ஒன்பது தட்டு, ஆறுமுகம் வேலாயுதம் எல்லாம் சுலபம். ஒரு பொண்ணுகிட்ட மாட்டிக்கிட்டேன். கூலென், அதாவது சி, ரெண்டு ஓ, எல், இ, என். அந்த ஒத்தை எல் எந்த எழுத்து? கூலனா, கூளனா, குள்ளனா? வீட்டுல கேட்டுட்டு வந்தா, தாத்தாவுக்கும் தெரியல. மோக்காவுல மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல பழைய குடியேற்ற ரெஜிஸ்டர் இருக்கு, முன்னோர் பேரு தேடலாம்னு சொன்னேன், சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கே உறைச்சுது, அதையும் ஏபிசிடியிலதானே எழுதியிருப்பாங்க. அவ கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு மூணையும் வரிசையா அடிச்சு, குள்ளனுக்கு நேரா மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டா. கிளாஸ்லயே உயரம் அவதான்.