கடவுச்சீட்டுக்கு முன்னால் வந்த வாக்கு

நோர்வேயில் மாநகரசபைத் தேர்தலில் வாக்குப் போட அந்த நாட்டுக் குடியுரிமை தேவையில்லை. மூன்று வருசம் தொடர்ந்து சட்டப்படி வசித்திருந்தால் போதும். 1983 முதல் இதுதான் நடைமுறை. குடியுரிமை எடுப்பதென்றால் பொதுவாக எட்டு வருசம், போதிய வருமானம் இருந்தால் ஆறு, கூடவே மொழிப் பரீட்சை. நாடாளுமன்றத் தேர்தலில் எனக்கு இன்னும் வாக்கில்லை. ஆனால் ஒஸ்லோவை யார் நடத்துவது என்று 2023 செப்டெம்பரில் என்னையும் கேட்டார்கள்.

அதே வருசம் மார்ச்சில் யாழ்ப்பாணத்திலும் மாநகரசபைத் தேர்தல் நடந்திருக்க வேண்டும். காசில்லை என்று தள்ளிப்போட்டார்கள். நடந்தது 2025 மே மாதம். எங்களுக்கு இது பழகிப்போன கதை. 1983க்குப் பிறகு 1998இல்தான் ஒரு தேர்தல் வந்தது. அதில் மேயரான சரோஜினி யோகேஸ்வரன் அந்த மே மாதமே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த சிவபாலன் செப்டெம்பரில் குண்டுவெடிப்பில் இறந்தார். அடுத்த தேர்தல் 2009இல். வாய்க்கால் அடைத்தால் யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாமல் வளர்ந்த தலைமுறை நாங்கள்.

இங்கே வாக்குச்சாவடி பக்கத்துப் பள்ளிக்கூடம். மறைப்புக்குள் ஒவ்வொரு கட்சிக்கும் தனித்தனிப் பட்டியல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். விரும்பிய கட்சியின் தாளை எடுத்து, பிடித்த வேட்பாளரின் பெயருக்குப் பக்கத்தில் புள்ளடி போட்டு, மடித்துக்கொண்டு வர வேண்டும். மேசையில் இருந்த பெண் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் தாளின் முதுகில் முத்திரை குத்தினார். பெட்டிக்குள் போட்டேன், அவ்வளவுதான். துவக்கோடு ஆளில்லை, விரலில் மையில்லை. பழக்க தோசத்தில் சின்னிவிரலை நீட்டப் பார்த்தேன்.

சரி, வாக்கு இருக்கிறது. நகரம் எல்லோருக்கும் ஒன்றா? இல்லை. ஒஸ்லோவை ஆக்கர் ஆறு கிழக்கு, மேற்கு என்று பிரிக்கிறது. முந்தித் தொழிற்சாலைகளும் தொழிலாளர் வீடுகளும் கிழக்கே, காசுக்காரர் மேற்கே. 1950களிலிருந்து கிழக்கே குரூருட் பள்ளத்தாக்கில் அடுக்குமாடிகள் எழும்பின. பிறகு வந்த பாகிஸ்தானியர், சோமாலியர், தமிழர் பலர் அங்கேதான் குடியேறினோம். இரண்டாம் இலக்கச் சுரங்க ரயில் இரண்டு பக்கத்தையும் தைத்துக்கொண்டு ஓடுகிறது. விடிய கிழக்கே ஃபூருசெத்தில் ஏறினால் பெட்டிக்குள் ஏழெட்டு மொழி கேட்கும். மேற்கே மயோர்ஸ்தூவன் தாண்டினால் ஒரு மொழிதான், அதுவும் மெதுவாக. யாரும் மறித்துக் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை. வீட்டு விலையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இதில் எங்கட ஆக்களின் கூத்தையும் சொல்ல வேண்டும். எண்பதுகளில் வந்து, நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்றுவிட்டு ஒஸ்லோவுக்கு இறங்கிய அண்ணை ஒருவர், ஒரு பிறந்தநாள் வீட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, ஒஸ்லோவுக்கு வெளியில லோரன்ஸ்கூக் பக்கம் வீடு பாருங்கோ. இஞ்ச பள்ளிக்கூடத்தில வெளிநாட்டுப் பிள்ளையள் கூடிப்போச்சு.”

“அண்ணை, அப்ப நாங்கள் ஆர்?”

“நாங்கள் வேற. நீர் ஊரில எவடம்?”

அந்தக் கடைசிக் கேள்வி எங்கே போகும் என்று யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. ஊரின் பெயரைச் சொன்னால் அடுத்தது எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை. அதற்கு மேல் கேட்காமலே சாதிக் கணக்கு முடிந்துவிடும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே விடச் சொல்லிப் போராட வேண்டியிருந்தது. வாசலை மறித்து நின்றவர்களும் தமிழர்தான். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே வாக்கில் எல்லோரும் சமன். கிணற்றடியில் சமனாகவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு வெளியேறப் புலிகள் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். சோனகதெரு வெறுமையானது. அவர்களும் குடியுரிமை உள்ளவர்கள்தான், அதே மாநகரசபைக்கு வரி கட்டியவர்கள்தான். இதையெல்லாம் பேசாமல் நோர்வேக்காரர் எங்களை ஒதுக்குகிறார்கள் என்று மட்டும் முறையிட எனக்கு வாய் வருவதில்லை.

அதற்காக ஒஸ்லோவுக்கு நற்சான்றிதழ் எழுதவும் மாட்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து சின்னப் பிள்ளையாக வந்த கம்சாயினி குணரத்தினம் 2015 முதல் 2021 வரை இந்த நகரின் துணை மேயராக இருந்தார். எங்களுக்குப் பெருமைதான். ஆனால் அதால் ஃபூருசெத்தில் வீடு தேடுகிறவருக்கு மேற்கே கதவு திறக்கவில்லை. 2016இல் வந்த வீட்டு வரியைப் பற்றிய சண்டையைப் பார்த்தால் விளங்கும். விலை கூடிய வீடுகளுக்குத்தான் அது விழுந்தது. அதிகம் கத்தியது மேற்குப் பக்கம். 2023இல் வலதுசாரிகள் வென்றார்கள், வரியைக் குறைப்பதாகச் சொல்லியே. கிழக்கிலும் பலர் வாக்குப் போடவே போகவில்லை. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது அதில்தான்.

நகரத்தில் 15 வட்டாரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. கூட்டத்தில் வசிப்பவர்கள் பேசுவதற்கென்று அரைமணி நேரம் ஒதுக்குவார்கள். இளைஞர் மன்றத்துக்கு ஒதுக்கும் காசைப் பற்றிப் பேசலாம் என்று அந்த அண்ணையைக் கூப்பிட்டேன். லோரன்ஸ்கூக்கில் வீடு இன்னும் அமையவில்லையாம். “வாறன்” என்றார். “ஆனா நான் கார் பார்க்கிங்கைப் பற்றித்தான் கதைப்பன்.”