தலையணையைத் துவைத்திருக்கக் கூடாது

என் மனைவி தாதி. பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றல் கடிதம் வந்தது. இரண்டே வாரத்தில் வேலையில் சேர வேண்டும். நானோ ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் என் கம்பெனியை விட்டு வர முடியும். அவள் முன்னால் போய்த் தோழி வீட்டில் தங்கினாள். வீட்டைக் காலி செய்கிற வேலையும் ஏழு வயது மகளும் நாலு வயது மகனும் என் பொறுப்பு. எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அத்தை) இல்லையென்றால் அந்த ஒரு மாதத்தை ஓட்டியிருக்க மாட்டேன்.

கோலாலம்பூரில் செந்தூல் பகுதியில் பதினோராவது மாடியில் வீடு கிடைத்தது. வாடகை 1,500 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு மாத டெபாசிட், தண்ணீருக்கும் கரண்டுக்கும் அரை மாத டெபாசிட், முதல் மாத வாடகை என்று சாவி கைக்கு வருமுன்னே 5,250 வெள்ளி போய்விட்டது. வாடகை ஒப்பந்தத்துக்கு உடனே முத்திரை வரி கட்டிவிடுங்கள். பள்ளி மாற்றலுக்குப் புது முகவரிக்கு ஆதாரம் கேட்டபோது எனக்கு அந்தத் தாள்தான் கைகொடுத்தது. பிறப்புப் பத்திரம், மைகிட் என்கிற பிள்ளைகள் அடையாள அட்டை, தடுப்பூசிப் புத்தகம் மூன்றையும் லோரியில் ஏற்றாமல் தோள்பையிலேயே வைத்துக்கொண்டேன். அது ஒன்றில்தான் நான் புத்திசாலி.

மகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. பாடநூல்கள் அரசாங்கம் இரவலாகத் தருபவை, மாறிப் போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் கணிதப் புத்தகத்தைக் காணோம். கட்டி வைத்த பெட்டிகளோ முப்பத்திரண்டு. இரவு பத்து மணிக்கு ஒவ்வொன்றாக டேப்பைக் கிழித்தேன். 'புத்தகம்' என்று எழுதிய ஒன்பதிலும் இல்லை. கடைசியில் சமையலறைப் பெட்டியில், இட்லித் தட்டுக்கு அடியில் கிடந்தது.

"அம்மாகிட்ட கணக்கு காட்டணும்ப்பா. அதான் அம்மா சாமானோட வச்சேன்."

திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

காலையில் அவளுக்கு இரட்டைச் சடை பின்னுவதும் என் வேலைதான். மூன்றாவது வாரம் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்தேன். ஓய்வு நேரத்தில் டீச்சர் அவிழ்த்து மறுபடி பின்னிவிடுகிறார் என்பது பள்ளியை விட்டு வரும் நாளில்தான் தெரிந்தது.

லோரி முதல் நாள் இரவே கிளம்பியது. மைத்துனர் என் காரை ஓட்டிக்கொண்டு போக, நாங்கள் மூவரும் ரயிலில் போனோம். இரண்டு சிறுசுகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் 350 கிலோமீட்டர் தனியாக ஓட்டும் தைரியம் எனக்கில்லை. பட்டர்வொர்த்தில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும், நடுவில் கழிப்பறைக்கும் பயமில்லை. புக்கிட் மேரா ஏரியை ரயில் கடக்கும்போது இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்துவிட்டு மகன் கேட்டான்: "ஃபெர்ரியாப்பா இது?"

இனி தலையணை. இங்கே பல வீடுகளில் பிள்ளைக்கு ஒரு பழந்தலையணை இருக்கும். மலாயில் பந்தால் பூசோக் என்பார்கள், அதாவது நாற்றத் தலையணை. மகனுடையதில் எச்சில், மைலோ, பேபி எண்ணெய், இரண்டு வருட வியர்வை எல்லாம் உண்டு. அதன் ஒரு மூலையை மூக்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டேதான் தூங்குவான். புது வீட்டுக்கு அழுக்குத் துணி எதற்கு என்று, கிளம்புவதற்கு முந்தின நாள் நானே அதைத் துவைத்து வெயிலில் காயப்போட்டேன். மக்சிக் பார்த்துவிட்டு, "அதையா துவைத்தாய்?" என்றார் மலாயில். எனக்கு அப்போது புரியவில்லை.

புது வீட்டில் பால் காய்ச்சி, தரையில் பாய் விரித்துப் படுத்தோம். நினைவாகப் பையிலேயே கொண்டுவந்த தலையணையைப் பெருமையாக நீட்டினேன். மோந்தான். திருப்பிப் போட்டு அடுத்த மூலையையும் மோந்தான்.

"இது என்னோடது இல்லப்பா."

உன்னுடையதுதான் என்று தையலைக் காட்டினேன், கிழிசலைக் காட்டினேன். தூக்கி எறிந்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று அழ ஆரம்பித்தான். லிஃப்டுக்குப் பயந்து பதினோரு மாடியும் என் தோளில் ஏறி வந்தபோதுகூட அப்படி அழவில்லை. மனைவி இரவு வேலையில் இருந்தாள். கடைசியில், அன்றெல்லாம் பெட்டி தூக்கி நனைந்த என் பனியனைக் கழற்றித் தலையணைக்கு உறையாக மாட்டினேன். அதை மோந்து பார்த்தான், முகம் சுளித்தான், அப்புறம் தூங்கிவிட்டான்.

மற்றதெல்லாம் சுலபம். வீடு மாறினால் முப்பது நாளுக்குள் மைகார்டில், அதாவது அடையாள அட்டையில், முகவரி மாற்ற வேண்டும். ஒரு காலையில் போய் முடித்தோம். மகளுக்குப் புதுப் பள்ளியில் இடம் கிடைத்தது. சடையை இப்போது அம்மா பின்னுகிறாள். மகனும் லிஃப்டில் ஏறுகிறான், ஆனால் பொத்தானை அவன்தான் அழுத்த வேண்டும்.

வந்து ஆறு வாரமாகிறது. நேற்று அவன் தூங்கியபின் பனியனை உருவிவிட்டுத் தலையணையை மோந்து பார்த்தேன். நாற ஆரம்பித்திருக்கிறது.