உள்ளங்கைச் சீனி

பதினெட்டு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். முழங்கால் ஒத்துழைக்காததால் 2019இல் மலையேறுவதை நிறுத்தி, இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் தையல் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். சாப்பாடு மட்டும் மலையேறினவளின் சாப்பாடாகவே இருந்தது. காலையில் மூன்று கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல். மத்தியானம் தட்டு நிறையச் சோறும் உருளைக்கிழங்குக் கறியும். ராத்திரி திரும்பவும் ரொட்டி. நாலு வருஷத்தில் 14 கிலோ ஏறிவிட்டது.

கால் விரல் புண் ஆறாமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 182. 126 என்றாலே சீனி வியாதிக் கணக்கு. இடுப்பளவு 96 சென்டிமீட்டர். எங்கள் பெண்களுக்கு 80க்குள் இருக்கவேண்டுமாம். 35 வயது தாண்டினால் அரச ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் காசில்லாமல் பார்க்கலாம் என்பது 46 வயதில்தான் எனக்குத் தெரிந்தது. சாப்பாட்டு முறை எழுதித் தந்த தாள் முழுக்கச் சிங்களம். வரிசையில் நின்ற ஒரு அக்காதான் வாசித்துச் சொன்னார். உயிர் விஷயத்தையாவது எங்கள் பாஷையில் தரவேண்டாமா? இன்னமும் அந்த மனவருத்தம் போகவில்லை.

வீட்டில் மகள் ஒரு வேலை செய்தாள். நான் தேத்தண்ணி கேட்கும்போதெல்லாம், எனக்குப் போடுகிற அளவு சீனியை ஒரு பீங்கானிலும் போட்டு வைத்தாள். ஏழு கோப்பை, மூன்று மூன்று கரண்டி. ராத்திரி பார்த்தால் வெள்ளையாகக் குவிந்து கிடந்தது, ஏறக்குறைய 100 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. சின்ன வயதில் உள்ளங்கையில் சீனியை வைத்து, நக்கி நக்கிச் சாயத்தண்ணி (பாலில்லாத தேத்தண்ணி) குடித்துப் பழகிய நாக்கு இது.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரைக் கரண்டி குறைத்தேன். இஞ்சி தட்டிப் போட்டதால் சமாளிக்க முடிந்தது. ரொட்டி ஒன்றானது, அதிலும் பாதி குரக்கன் (கேழ்வரகு) மா. சோறு குறைந்து கீரையும் பருப்பும் கூடியது. சாப்பிட்ட பிறகு சீனியைக் குறைக்கிற மெட்ஃபோமின் மாத்திரை, சாயந்தரம் அரை மணி நேரம் நடை. இவற்றைவிடக் கஷ்டம், சொந்தக்காரர் வீட்டில் சீனித் தேத்தண்ணியை வேண்டாம் என்பது. "எங்க வீட்டுத் தண்ணி ஆகாதோ?" என்று முகம் வாடும். இப்போதெல்லாம் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன், "அண்ணி, எனக்குச் சீனி போடாம குடுங்க."

ஆறு மாதத்தில் 7 கிலோ குறைந்தது. வெறும் வயிற்றுச் சீனி 118. மாத்திரை தொடர்கிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை மாமியாரையும் சீனி பார்க்க முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். "ராத்திரி எட்டு மணிக்கு மேல பச்சத்தண்ணி மட்டுந்தான் அத்தே" என்று சொல்லியிருக்கிறேன். சீனி டப்பாவை மகள் எடுத்து வைத்துவிட்டாள்.