விட்டுப்போன பூஜ்யம்: ஒரு குழந்தை மருத்துவ இதழின் 2024

ஜனவரி 8, திங்கள்

எழும்பூர் அறையின் சாவி இன்று என் கைக்கு வந்தது. பல வருஷம் இதழை நடத்திய சார் பீரோவைத் திறந்து காட்டிவிட்டு, கடைசியாக ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் ரிவ்யூவர்களின், அதாவது வரும் கட்டுரைகளைப் படித்துப் போடலாமா என்று சொல்பவர்களின் பெயர்கள். பச்சிளங்குழந்தை விஷயத்துக்கு யார், சிறுநீரகத்துக்கு யார், யாருக்கு மெயில் போட்டால் போதும், யாரைப் போனில் பிடித்தால்தான் உண்டு, எல்லாம் அவர் கையெழுத்தில். "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு இதைத் தூக்கிப் போட்டுடாதம்மா" என்றார்.

நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் சின்ன இதழ். 1933-ல் கல்கத்தாவில் தொடங்கிய இந்தியன் ஜர்னல் ஆஃப் பீடியாட்ரிக்ஸ், 1964-ல் தொடங்கி இப்போது அறுபது வருஷத்தைத் தொட்டிருக்கும் இந்தியன் பீடியாட்ரிக்ஸ், இவற்றின் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது. எங்களுக்கு வருபவை மாவட்ட ஆஸ்பத்திரிகளிலிருந்தும் பி.ஜி. மாணவர்களிடமிருந்தும், நைட் டியூட்டிக்கு நடுவே எழுதப்பட்டவை. படிப்பவர்களும் அவர்களே. அதனால்தான் இந்த இதழாசிரியர் வேலைக்குச் சம்மதித்தேன்.

பிப்ரவரி 3, சனி

ஒரு கேஸ் ரிப்போர்ட். எட்டு வயதுப் பெண்ணின் தோல் நோய். முழு முகப் படம், கண்மேல் கறுப்புப் பட்டை. நாங்கள் படித்த காலத்தில் கண்ணை மறைத்தால் ஆளை மறைத்ததாகிவிடும் என்று நம்பினோம். காதில் கிடக்கும் கம்மலைப் பார்த்தே யார் வீட்டுப் பெண் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவும் கண்ணை மட்டும் மறைப்பது போதாது என்றே சொல்கிறது.

சம்மதப் படிவம் கேட்டேன். வந்தது. முழுக்க ஆங்கிலம், அடியில் அம்மாவின் கைநாட்டு.

ராத்திரி உட்கார்ந்து தமிழில் ஒன்று எழுதினேன். "உங்கள் பிள்ளையின் படம் டாக்டர்கள் படிக்கும் இதழில் வரும். இன்டர்நெட்டிலும் வரும். வந்த பிறகு முழுசாகத் திரும்ப எடுக்க முடியாது. வேண்டாம் என்று சொன்னாலும் வைத்தியத்தில் எந்தக் குறையும் வைக்க மாட்டோம்." ஆராய்ச்சியில் சேர்க்கும்போது ஏழு வயதிலிருந்தே பிள்ளையிடமும் சம்மதம் கேட்கச் சொல்கிறது ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 நெறிமுறை. பன்னிரண்டு வரை வாய்ச்சொல்லாக, அதற்கு மேல் எழுத்தில். படத்துக்கும் அப்படியே கேட்கட்டும் என்று எழுதி அனுப்பினேன்.

பிப்ரவரி 19, திங்கள்

பதில் வந்துவிட்டது. முகம் வேண்டாம், கை ஓகே என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். கையை மட்டும் போடுகிறோம். நோய் கையிலேயே தெளிவாகத் தெரிகிறது.

மார்ச் 14, வியாழன்

"மேடம், ப்ரமோஷனுக்கு ஃபைல் போகுது, ஏத்துக்கிட்டோம்னு ஒரு லெட்டர் மட்டும் குடுங்க, ரிவ்யூவை அப்புறம் பார்த்துக்கலாம்." இந்த வாரம் மூன்றாவது போன். அவர்கள் நிலைமை எனக்குத் தெரியும். நானும் அதே வரிசையில் நின்றவள். முடியாது என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் மனசு சரியில்லை.

அதே நாளில், ஒரே ஒரு குழந்தையைப் பற்றிய ரிப்போர்ட்டுக்கு எழுதியவர்கள் என்று ஒன்பது பேர். ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொன்னேன். நான்கு பேர் மிஞ்சினார்கள்.

ஏப்ரல் 24, புதன்

என் முதல் இதழ். தேர்தலுக்கு அச்சகம் 19-ந்தேதி மூடியிருந்ததால் தாமதம். மை வாசனை போகுமுன் அறையில் உதவிக்கு இருக்கும் தம்பி கட்டுக் கட்டாகத் தபாலாபீசுக்குக் கொண்டுபோனான்.

மே 9, வியாழன்

காலை ஏழு பத்துக்குப் போன். தர்மபுரி பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டியூட்டி பார்க்கும் இளம் பெண் டாக்டர். குரல் தயங்கியது. "மேடம், ஏப்ரல் இதழ்ல அனாஃபைலாக்சிஸ் கட்டுரை, அந்த டோஸ் டேபிள். நான்தான் தப்பா படிக்கிறேனோன்னு மூணு தடவை பார்த்தேன்."

அட்ரினலின். அனாஃபைலாக்சிஸ் என்ற உயிருக்கே ஆபத்தான திடீர் ஒவ்வாமைக்குப் போடும் ஊசி. தொடைத் தசையில் போட வேண்டியது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். நாங்கள் அச்சிட்டிருந்தது 0.1.

ஒரு மில்லி ஆம்பூலில் இருப்பது ஒரு மில்லிகிராம். பத்துக் கிலோ குழந்தைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். எங்கள் டேபிளைப் பார்த்துப் போட்டால் முழு ஆம்பூலும் உள்ளே போகும். எமர்ஜென்சி டிரே இருக்கும் சுவரில் ஒட்டுவதற்காக அந்தப் பெண் டேபிளைக் கையால் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். எழுதும்போதுதான் கை நின்றிருக்கிறது.

எழுதியவர் அனுப்பிய பிரதியை எடுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. ரிவ்யூவர் பார்த்ததும் சரி. இரண்டு பத்தியாகப் பக்கம் கட்டும்போது டேபிளைத் திரும்ப டைப் செய்ததில் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருக்கிறது. கடைசி ப்ரூஃபில் 'சரி பார்த்தேன்' என்று கையெழுத்து போட்டிருப்பது நான்.

ஓ.பி.க்கு லீவு சொல்லிவிட்டு எழும்பூருக்குப் போனேன். ஒன்பது மணிக்குள் இணையத்தில் இருந்த பிரதியை எடுத்துவிட்டு, திருத்திய பிரதியை, என்ன தவறு, என்றைக்குத் திருத்தப்பட்டது என்ற குறிப்போடு ஏற்றினோம். சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பழையதை இறக்கி வைத்திருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? எழுதியவருக்கு நானே போன் செய்தேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. "எங்கேயாவது யாராவது போட்டாங்களா மேடம்?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

மே 11, சனி

திருவல்லிக்கேணி அச்சக ஐயா ராத்திரியோடு ராத்திரியாக ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தார். டேபிளின் அந்த வரி மட்டும், அதே எழுத்து, அதே அளவு. அறுநூற்றுச் சொச்சம் பிரதி வெளியே போயிருக்கிறது. ஒவ்வொரு கவரிலும் ஒரு ஸ்டிக்கர், ஒரு கடிதம். தம்பி, தம்பியின் அக்கா, நான், நம்ம சார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து முகவரி எழுதினார். "என் காலத்துல இப்படி நடக்கலை"னு அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "மெடிக்கல் காலேஜ் லைப்ரரிக்கெல்லாம் தனியா போன் பண்ணியாச்சா?"

பண்ணவில்லை. திங்கட்கிழமை பண்ணினோம்.

ஜூன் 6, வியாழன்

இதுவரை யாரும் அந்த அளவில் போட்டதாகத் தகவல் இல்லை. அதற்காக நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று எழுத முடியாது.

ஜூலை இதழில் பிழைதிருத்தம் தனி எண்ணோடு, உள்ளடக்கத்தில் பெயரோடு, பக்க எண் போட்டு வரும். விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டால் கட்டுரையைத் தேடி வருகிறவர் கண்ணில் அது படவே படாது.

வேலை முறையையும் மாற்றிவிட்டோம். டேபிளை யாரும் திரும்ப டைப் செய்யக் கூடாது. டோஸ் எல்லாவற்றையும் ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் மூலப்பிரதியைப் பார்க்க வேண்டும். 5 என்றால் 5, 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகிவிடும். அரை என்றால் 0.5, வெறும் புள்ளி ஐந்து கூடாது. ஆபத்தான மருந்துகளுக்கு 'பத்துக் கிலோ குழந்தைக்கு இத்தனை மில்லி' என்று கணக்கையும் பக்கத்தில் போடுகிறோம். எண் தவறினால் கணக்கு காட்டிக்கொடுக்கும்.

ஜூலை 20, சனி

ஒரு கட்டுரையில் முப்பத்தோரு மேற்கோள். ஆங்கிலம் வழுவழு என்று இருந்தது. மருத்துவக் கட்டுரைகளின் பட்டியல் இருக்கும் பப்மெட் தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடினேன். ஆறு கட்டுரைகள் உலகத்திலேயே இல்லை. இதழின் பெயர் நிஜம், தொகுதி எண்ணும் நிஜம். அந்தப் பக்கத்தில் வேறு யாரோ வேறு எதையோ எழுதியிருக்கிறார்கள். எழுதிய பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கியதாக உடனே ஒப்புக்கொண்டான். அது இல்லாததைச் சொல்லும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கட்டுரையைத் திருப்பி அனுப்பினேன். மேற்கோளை எப்படித் தேடுவது என்று அரை மணி நேரம் போனிலேயே சொல்லிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தாய்ப்பால் வாரத்தில் வந்து கேட்கிறார்கள், பின் அட்டை விளம்பரம். பால் பவுடரின் பெயர் இருக்காதாம், கம்பெனி பெயர் மட்டும்தானாம். தொகை எங்கள் ஒரு வருஷத் தபால் செலவைத் தாண்டும். 1992-ல் வந்து 2003-ல் இறுக்கப்பட்ட சட்டம் இருக்கிறது: இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கு விளம்பரம் கூடாது, டாக்டர்களின் சங்கங்களுக்கு அந்தக் கம்பெனிகள் பணம் கொடுக்கவும் கூடாது. சட்டமே இல்லாவிட்டாலும், காலையில் வார்டில் ஒரு தாயிடம் "பால் ஊறும்மா, பொறுமையா இரு" என்று சொல்லிவிட்டு வந்து இதை எப்படி வாங்குவேன்?

செப்டம்பர் 12, வியாழன்

ஒரு தீசிஸ் கட்டுரை. சிகிச்சையால் பலன் தெரியவில்லை என்பது முடிவு. இரண்டு ரிவ்யூவர்களும் ஒரே குரலில்: சின்ன ஆய்வு, புதுசாக ஒன்றுமில்லை, நிராகரிக்கலாம்.

முறையைப் படித்தேன். மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் முதல் குழந்தையைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்திருக்கிறாள். எதை அளப்பேன் என்று சொன்னாளோ அதையே அளந்திருக்கிறாள். நடுவில் விட்டுப்போன குழந்தைகளை ஒளிக்கவில்லை.

மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து, கூட்டிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் சின்னம் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. வட்டத்துக்குள் ஏழு சின்னக் கோடுகள். குறைமாதப் பிரசவம் ஆகப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்குமா என்று பார்த்த ஏழு ஆய்வுகள் அவை. முதலாவது 1972-ல் நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும் வெளியிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலான கோடுகள், பலன் இல்லை என்பதைக் குறிக்கும் நடுக்கோட்டைத் தொட்டுக்கொண்டுதான் கிடக்கும், உறுதியாக எதுவும் சொல்லாது. கூட்டிப் பார்த்தால் சந்தேகமே இல்லை. முறையாகக் கூட்டிப் பார்த்தது 1989-ல்தான். அதுவரை எத்தனையோ தாய்மாருக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. அந்தச் சின்னக் கோடுகளையும் 'புதுசாக ஒன்றுமில்லை' என்று யாராவது திருப்பி அனுப்பியிருந்தால் கூட்டுவதற்கு என்ன இருந்திருக்கும்?

மூன்றாவது ரிவ்யூவராக ஒரு புள்ளியியல்காரரைப் பிடித்தேன். 'இது பலனில்லை என்று நிரூபிக்கவில்லை, பலன் தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. தலைப்பை மாற்றுங்கள்' என்றார். மாற்றினாள். போடுகிறோம்.

அக்டோபர் 16, புதன்

நேற்று மழைக்கு பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்றன. தம்பி வரவில்லை, நானே வரச் சொல்லவில்லை. அறையில் கீழ்த்தட்டு பழைய இதழ்களை முதல் நாளே பீரோ மேல் ஏற்றியிருந்தான்.

அக்டோபர் 24, வியாழன்

மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கு நெறி சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனத்தைத் திருத்தியிருக்கிறார்கள், 1964-ல் வந்ததற்கு இது அறுபதாவது வருஷம். ஆய்வுக்கு உட்படுத்தப்படுபவர் என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'பங்கேற்பவர்' என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் குறிப்புகளிலும் இன்றே மாற்றினேன். பிப்ரவரியில் கையைக் காட்டிய அந்தப் பெண் ஞாபகம் வந்தாள்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். வார்டு நிறையக் காய்ச்சல் பிள்ளைகள். மூன்று வாரமாக எந்த ரிவ்யூவரிடமிருந்தும் பதில் இல்லை, கேட்கவும் இல்லை.

டிசம்பர் 27, வெள்ளி

ஜனவரி இதழின் கடைசி ப்ரூஃப். வலிப்புக்கான மருந்துகளின் டேபிள். தம்பி வாசிக்க நான் பார்த்தேன், பிறகு நான் வாசிக்க அவன் பார்த்தான். பூஜ்யங்கள் எல்லாம் இருந்தன. ஜூலையிலிருந்து டோஸ் டேபிள் எதுவானாலும் தர்மபுரிப் பெண்ணுக்கும் ஒரு பிரதி போகிறது. நான் கேட்டேன், அவள் ஒப்புக்கொண்டாள். அனுப்பிவிட்டு விளக்கை அணைத்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு வாட்ஸப்பில் பதில்: "மேடம், நாலாவது வரில 'கிலோவுக்கு 20'னு இருக்கு. ஒரு வேளைக்கா, ஒரு நாளைக்கா?"

எழுந்து லேப்டாப்பைத் திறந்தேன்.