கட்டி சார்க் மேல்தளம்: எந்த வருஷத்துக் கப்பல்?

கட்டி சார்க் என்ற பழைய பாய்மரக் கப்பலின் 1:96 அளவு மாடலில் உடல் வேலை ஒருவழியாக முடிந்தது. அடிப்பாகத்துக்கு மன்ட்ஸ் மெட்டல் நிறமும் ஏற்றியாகிவிட்டது. பலரும் அங்கே பளபள செம்பு அடிக்கிறார்கள். அசலில் அது சுமார் 60 பங்கு செம்பும் 40 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை, அதனால் கொஞ்சம் மஞ்சளோடிய நிறம்தான் சரி. இனி மேல்தளம். கிட்டில் வந்த தளச் சாமான்களை அப்படியே ஒட்ட மனசு வரவில்லை. அசல் எப்படி இருந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

தேட ஆரம்பித்ததும் வந்து நின்ற கேள்வி, எந்த அசல்? ஒரே கப்பலுக்குக் காலத்துக்கொரு கோலம். ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் 1869 நவம்பரில் நீரில் இறங்கிய தேயிலைக் கப்பல் ஒன்று. 1880-ல் பாய்மரங்களையும் பருமல்களையும் (பாய் கட்டும் குறுக்கு மரங்கள்) குறுக்கிய பிறகு ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றிய கப்பல் இன்னொன்று. 1895-ல் போர்ச்சுகீசியர்களுக்கு விற்கப்பட்டு ‘ஃபெரைரா’ ஆனது மூன்றாவது. 1922-ல் கேப்டன் டௌமன் வாங்கிப் பழைய கோலத்துக்குக் கொண்டுவர முயன்றது, 1954-ல் கிரீனிச் உலர்துறைக்கு வந்தது, 2007-ல் தீப்பிடித்தது, 2012-ல் மறுபடி திறந்தது என்று கதை நீள்கிறது. தீப்பிடித்தபோது பாய்மரங்களும் தள வீடுகளும் (தளத்தின் மேல் நிற்கும் அறைகள்) பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டு வேறிடத்தில் இருந்ததால் தப்பித்தன. ஆக, இன்று சுற்றுலாப் பயணிகள் எடுக்கும் அழகான கலர் போட்டோக்களை வைத்து ஒரு பொருளைச் செதுக்கினால், அது எந்தக் காலத்துப் பொருள் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் கம்பளிக் காலத்தை எடுத்துக்கொண்டேன். காரணம் ரிச்சர்ட் உட்ஜெட். 1885 முதல் 1895 வரை கேப்டனாக இருந்தவர். போட்டோ பைத்தியம். காற்று விழுந்த நேரத்தில் படகை இறக்கி, எதிரே போய் நின்று தன் கப்பலையே படமெடுத்தவர். வேறு எந்த கிளிப்பருக்கும் (அந்தக் காலத்து வேகப் பாய்மரக் கப்பல்) இப்படி ஒரு சாட்சி கிடைப்பது அபூர்வம்.

ஆனால் தளத்தைப் பொறுத்தவரை அந்தப் படங்கள் பாதிதான் பேசுகின்றன. படகிலிருந்து எடுத்தால் பக்கச் சுவர் மறைத்துவிடும். தள வீடுகளின் கூரை, அதன் மேல் இருக்கும் படகுகள் தெரியும். கயிறு கட்டும் முளைகளான பிலேயிங் பின்கள் ஒன்றுகூடத் தெரியாது. தளத்தில் நின்று எடுத்த படங்களிலோ ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், சரியாக நமக்கு வேண்டிய பொருளுக்கு முன்னால்.

நிறம் இன்னும் மோசம். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளில் நீலம் வெளுத்து விழும், சிவப்பு கறுத்து விழும். அதனால் தேக்கின் செம்பழுப்பும் கறுப்பு பெயின்டும் படத்தில் அண்ணன் தம்பிதான். ‘போட்டோவில் கறுப்பாக இருக்கிறது’ என்று யாராவது ஆதாரம் காட்டினால் நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை.

படம் கைவிடும் இடத்தில் சம்பவங்கள் உதவுகின்றன. 1872-ல் தெர்மாப்பிலி என்ற கப்பலோடு போட்டி போட்டு வரும்போது புயலில் கட்டி சார்க்கின் சுக்கான் பிய்த்துக்கொண்டு போனது. கப்பல் தச்சர் ஹென்றி ஹென்டர்சன் தளத்திலேயே உலை மூட்டி, உபரி மரங்களை வைத்துப் புதுச் சுக்கான் செய்தார். எல்லோரும் வீரக்கதையாகப் படிக்கும் இதில் எனக்குக் கிடைத்த தகவல் வேறு: கப்பல் உபரி மரங்களைச் சுமந்து போயிருக்கிறது. அவ்வளவு நீள மரம் தளத்தில்தான் கட்டிக் கிடந்திருக்கும். என் கிட்டில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆகவே மூங்கில் குச்சியைச் சீவிப் பக்கச் சுவரோரமாகக் கட்டிவைத்துவிட்டேன். கட்டிய கயிறு தெரிகிற மாதிரிதான்.

அளவு பார்க்க ஓர் எளிய வழி வைத்திருக்கிறேன். கெட்டி அட்டையில் 18 மில்லிமீட்டர் உயர மனிதன். 1:96-ல் அவர் 173 சென்டிமீட்டர் ஆள். எந்தச் சாமான் செய்தாலும் பக்கத்தில் இவரை நிறுத்துவேன். சுக்கான் சக்கரத்தின் கைப்பிடி எட்டுகிறதா? கேப்ஸ்டனில் (கயிறு சுற்றி இழுக்கும் உருளை) செருகும் கழி நெஞ்சு உயரத்துக்கு வருகிறதா? கிட்டின் பிலேயிங் பின்னுக்கு அருகில் நிறுத்தியதும் குட்டு உடைந்தது. ஏழு மில்லிமீட்டருக்கு மேல் நீளம், அதாவது அசலில் 70 சென்டிமீட்டர். மாலுமி கிரிக்கெட் ஸ்டம்ப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. அந்தக் காலத்துப் பின் ஒன்று 40 சென்டிமீட்டர் என்று வைத்தால் நமக்கு வேண்டியது 4.2 மில்லிமீட்டர். கனம் 0.4.

அந்தக் கனத்தில் பித்தளைக் கம்பிக்கு ஹார்டுவேர் கடைகளில் அலைவதைவிட நகை ஆசாரியிடம் போவது நல்லது. துளைத் தகட்டில் ஒவ்வொரு துளையாக இழுத்து, கேட்ட கனத்துக்கு மெலித்துத் தந்தார். “என்ன சார், மூக்குத்திக்கா?” என்றார். கப்பலுக்கு என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார்.

கம்பியை நேராக்கி, நறுக்கி, மேல்பகுதியை மட்டும் ஃபெவிக்விக்கில் முக்கிக் காயவைத்து, மறுபடி முக்கினால் கைப்பிடிக்கு வேண்டிய பருமன் வந்துவிடுகிறது. அப்புறம் பழுப்பு பெயின்ட். ரெயிலில், அதாவது பின்களைச் செருகும் சட்டத்தில், ஓட்டை போட 0.45 டிரில் பிட், கையால் திருகுகிற பிடியில். மோட்டாரில் போட்டால் பிளாஸ்டிக் உருகிப் பிட்டைக் கவ்வும்.

எங்கே எத்தனை பின் என்பதற்குக் கயிறுகளையே கேட்டேன். இந்த வகைக் கப்பல்களில் பின் வரிசைக்கு ஒரு பொது ஒழுங்கு உண்டு: பக்கச் சுவர் ரெயிலில் கீழ்ப்பாயின் கயிறு முன்னால், மேல்பாய்களுக்குப் போகப் போக அதற்குப் பின்னால். புதிதாக ஏறிய மாலுமிகூட இருட்டில் தடவிச் சரியான கயிற்றை அவிழ்க்க வேண்டும், வேறு கயிறு அவிழ்ந்தால் உயிர் போகும். எனவே ஒவ்வொரு பாய்க்கும் என்னென்ன கயிறு இறங்குகிறது என்று தாளில் எழுதி, அதற்கேற்பப் பின்களை எண்ணினேன். ஏறக்குறைய அடிக்கு ஒன்று, மாடலில் மூன்று மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளி. முன் பாய்மரத்துக்குக் கணக்கு ரெயிலின் நீளத்தோடு பொருந்தியது. நடுப் பாய்மரத்தில் கயிறு அதிகம், ரெயில் போதவில்லை. சிலதைப் பாய்மரத்தின் அடியில் உள்ள பின் சட்டமான ஃபைஃப் ரெயிலுக்கு மாற்றினேன். அங்கேயும் அட்டை மனிதரை நிறுத்திப் பார்த்தேன், தண்ணீர் இறைக்கும் பம்பின் சக்கரத்துக்கும் ரெயிலுக்கும் நடுவே நின்று கயிறு இழுக்க இடம் இருக்கிறது.

இரண்டு பக்க ரெயிலும் இப்போது ஒட்டியாயிற்று. அடுத்து அந்த பம்ப். அதன் சக்கர ஆரங்களுக்கு இதே 0.4 கம்பி போதும், வளையத்துக்குத்தான் ஆசாரியிடம் மறுபடி போக வேண்டும்.