பிப்ரவரி 11

இன்று ஜப்பானில் அரசு விடுமுறை. சூரிய தேவி அமதெராசுவின் வழியில் வந்த ஜிம்மு, கி.மு. 660இல் முதல் பேரரசராக முடிசூடிய நாள் என்று கணக்கு. கணக்குக்கு மூலம் கி.பி. 720இல் எழுதி முடித்த 'நிஹோன் ஷொகி' என்ற பழைய வரலாற்று ஏடு. ஜிம்மு 127 வயது வரை வாழ்ந்தார் என்று சொல்லும் நூல் அது.

புராணம் புராணமாக இருந்தவரை எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை, அழகான கதை. பேரரசர் மெய்ஜியின் அரசு அதை 1873இல் தேசிய விழாவாக்கியது. அப்புறம் பள்ளிக்கூடத்தில் அதுவே வரலாற்றுப் பாடம். 1940இல் '2600ஆம் ஆண்டு' என்று நாடே கொண்டாடியது. இரண்டாம் உலகப் போரில் பேர்போன ஜப்பானிய ஜீரோ போர் விமானத்தின் பெயரில் உள்ள பூஜ்யம்கூட அந்த 2600இன் கடைசி இலக்கம்தான்.

அதே 1940இல்தான் த்சுதா சோகிச்சி என்ற அறிஞரின் நூல்களுக்குத் தடை. பழைய ஏடுகளில் உள்ள தெய்வக் கதைகள், அரசவை தன் ஆட்சியை நியாயப்படுத்தப் புனைந்தவை என்று எழுதியிருந்தார். 1942இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

போரில் ஜப்பான் தோற்ற பின் 1946இல் வந்த புதிய பாடநூல், தெய்வங்களை விட்டுவிட்டு ஆதிமனிதர்களின் வாழ்க்கையிலிருந்து தொடங்கியது. 1948இல் அந்த விழாவும் போனது. அதை மீண்டும் கொண்டுவரும் பேச்சு எழுந்தபோது வெளிப்படையாக எதிர்த்தவர்களில் ஒருவர் மிகாசா இளவரசர், பேரரசர் ஹிரோஹிதோவின் சொந்தத் தம்பி, வரலாற்றாளர். அந்தத் தேதிக்கு ஆதாரம் கிடையாது என்பதுதான் அவர் வாதம். அந்தக் குடும்பத்தில் பிறந்து அதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

1967 முதல், பெயர் மாறி, விடுமுறை திரும்பவும் வந்துவிட்டது. தேதி மட்டும் அதே பிப்ரவரி 11.