சோடாவிலுள்ள சீனிக்கு வரி

நேற்றுப் பின்னேரம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் ரியூஷன் விட்டு வந்த மூன்று பிள்ளைகள், ஆளுக்கொரு சோடாப் போத்தலோடு நின்றார்கள். ஒன்றை வாங்கிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி. 400 மில்லி குடித்தால் 40 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டி. தேத்தண்ணிக்கு இவ்வளவு அள்ளினால் எந்த அம்மாவும் கையைப் பிடித்துவிடுவா. சீனியின் அளவைக் காட்டப் போத்தலில் நிற அடையாளம் போடுவார்கள்; 100 மில்லிக்கு 11 கிராமைத் தாண்டினால்தான் சிவப்பு என்பதால் இதில் இருந்தது மஞ்சள்.

2017 நவம்பரில் இலங்கையில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் வரி வந்தது. அருமையான யோசனை. சோடாவின் அளவுக்கு இல்லை, சீனிக்குத்தான் வரி. பிறகு அதைத் தளர்த்திவிட்டார்கள், எனக்கு அதில்தான் கோபம். பிரித்தானியாவில் 100 மில்லிக்கு 5 கிராமோ அதற்கு மேலோ சீனி இருந்தால் வரி என்ற சட்டம் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே பல கொம்பனிகள் சீனியைக் குறைத்துவிட்டன.

"ஏழைகளின் தலையில்தானே விழும்?" என்று கேட்பார்கள். என் பெரியம்மாவுக்குச் சலரோகத்தால் இரண்டு கால்விரல்களை எடுத்தாயிற்று. மாதாமாதம் கிளினிக்குக்கு விடிய ஐந்து மணிக்கே வெளிக்கிடுகிறா. கூடப் போகிற மகனுக்கு அன்றைய கூலி இல்லை. அது யார் தலையில் விழுகிறது?

வரியைத் திரும்பக் கூட்டுங்கள். வருகிற காசில் பள்ளிக்கூடங்களுக்கு நல்ல குடிதண்ணீர் கொடுங்கள். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் எத்தனையோ கிணறுகளில், தண்ணீரைக் கெடுக்கிற நைத்திரேற்று கூடிக்கிடக்கிறது. தாகத்தோடு வருகிற பிள்ளைக்குக் கடையில் முதலில் கண்ணில் படுவது சோடாதான்.